லேமினேஷன் போட்ட சீட்டு

எங்கள் வீட்டில் கிழியக்கூடிய காகிதம் எதுவும் கிடையாது. ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் மார்க் ஷீட், கறவை மாட்டுக்கு இன்ஷூரன்ஸ் கட்டிய ரசீது என்று எல்லாவற்றையும் திருப்போரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய் லேமினேஷன் போட்டுவிடுவேன். ஒரு முறை மழையில் பட்டா நனைந்து, நகல் வாங்கத் தாலுகா ஆபீசுக்கு ஏழு நடை நடந்தேன். அன்றைக்குப் பிடித்த பழக்கம். "ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் என்னியும் அந்த மிஷினுக்குள்ள வுட்டு எடுக்கப் போறா பாரு" என்று என் வீட்டுக்காரர் தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

என் பெயர் வேண்டா. நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததற்காக வைத்த பெயர். அந்த வருத்தமெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்று கட்டிக்கொண்ட மனுஷன் ஒருவர் இருக்கிறார், எனக்கு அது போதும். அவர் பெயர் திருவேங்கடம். எழுதும்போது அவர், இவர் என்று மரியாதையாக எழுதுகிறேன். நேரில் யோவ்தான்.

அவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கிணறுகளில் ரொப்பிக்கொண்டு போய் ஓஎம்ஆர் அடுக்குமாடி வீடுகளில் இறக்குவது வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் டேங்க் மேல் ஏறி மூடியைத் திறக்கும்போது கால் வழுக்கிக் கீழே விழுந்தார். முதுகில் நல்ல அடி. எலும்பு டாக்டர் பார்த்துவிட்டு, வலி தாங்குவதற்கு ஒரு மாத்திரை எழுதி, பதினைந்து நாள் மட்டும் போடச் சொன்னார். அந்த மாத்திரையின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இதையும் யாராவது கிழித்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போவார்கள்.

அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்திருந்து வியர்வையில் ஊறவைத்துவிட்டார். தேதியும் எத்தனை நாளைக்கு என்பதும் எழுதியிருந்த இடம் ஊதாவாகக் கரைந்து போயிருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டால் மாத்திரை பெயரும் போய்விடும், ராத்திரி வலியில் துடித்தால் எதைக் காட்டி வாங்குவது என்று எனக்குப் பதைப்பு. உடனே கொண்டுபோய் லேமினேஷன் போட்டேன். கடைக்காரர் அவசரத்தில் இழுத்ததில் வலது ஓரத்தில் காற்றுக் குமிழ் ஒன்று விழுந்துவிட்டது. அதற்காக அவரோடு கால் மணி நேரம் சண்டை போட்டேன். வீட்டுக்கு வந்து, "இந்தா, இது இனிமே உன் ஆயுசுக்கும் கிழியாது" என்று அவர் கையில் கொடுத்தேன். பெருமையாகத்தான் கொடுத்தேன்.

எங்கள் தெரு மகளிர் குழுவுக்கு நான் தலைவி. இந்த வருஷம் சித்திரையில் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் வலி மாத்திரை அளவில்லாமல் போட்டுக்கொண்டு மூச்சு அடங்கிப் போய், செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்து பிழைத்து வந்தான். அதைக் கேட்டதிலிருந்து எங்கள் தெருவில் பையனைப் பெற்றவளுக்கெல்லாம் சோறு இறங்கவில்லை. நான் செங்கல்பட்டுக்குப் போய் விசாரித்து, சுஷ்மிதா என்ற பெண்ணைக் குழுக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். போதைப் பழக்கத்திலிருந்து மீள வருகிறவர்களுக்கு அங்கே ஆலோசனை சொல்கிறவர். அப்பா கல்பாக்கத்தில் வேலை பார்ப்பதால் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். பேச்சு கொஞ்சம் பள்ளிக்கூடத் தமிழாக இருக்கும், ஆனால் எங்கள் பாயில் எங்களோடு உட்கார்ந்துதான் பேசினார்.

போதை என்றால் பாட்டில், கஞ்சா என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவர் ஒரு மாத்திரை அட்டையை, பெயர் தெரியாமல் டேப் ஒட்டி எடுத்து வந்திருந்தார்.

"டாக்டர் சொன்ன நாளுக்கு, டாக்டர் சொன்ன அளவுக்கு இது மருந்துதான். அதுக்கு மேல போனா உடம்பு இதுக்குப் பழகிடும். அப்புறம் வலிக்காகப் போட மாட்டாங்க. போடாம இருக்க முடியலன்னு போடுவாங்க" என்றார்.

திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்றும் சொன்னார். கொட்டாவி கொட்டாவியாக வரும். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டும். வியர்க்கும், நடுங்கும், வயிறு போகும், காலை ஓர் இடத்தில் வைக்க முடியாது. "பார்க்கிறவங்க ஜுரம்னு நினைச்சுப்பாங்க. அவங்க கெட்டவங்க இல்லக்கா, நோயாளிங்க. திட்டாதீங்க. கையைப் பிடிச்சு எங்ககிட்ட கூட்டிட்டு வாங்க."

இதையெல்லாம் நானே முத்து முத்தாகச் சார்ட்டில் எழுதினேன். எழுதியதும் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். சார்ட் பெரியது, ஜெராக்ஸ் கடையில் இரண்டாக வெட்டி லேமினேஷன் போட்டுக் கொடுத்தார்கள்.

குழு முழுமூச்சாக இறங்கியது. ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், மிச்சம் மீதி மாத்திரைகளை வாங்கினோம். எங்கள் தெருவில் மாத்திரையும் காப்பித்தூள் மாதிரிதான், இல்லாதவர்கள் இருப்பவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். "போன மாசம் உனக்கு ஒண்ணு குடுத்தேனே, அது நல்லா கேட்டுதா" என்று விசாரித்துக்கொள்வதுகூட உண்டு. பக்கெட்டில் மாட்டு மருந்து வந்தது, பேரன் கைக்குழந்தையாக இருந்த காலத்துச் சிரப் வந்தது, எதற்கு வாங்கினோம் என்று வீட்டில் ஒருவருக்கும் ஞாபகமில்லாத மாத்திரைகள் கைப்பிடி கைப்பிடியாக வந்தன. பழைய சீட்டுகளையும் கேட்டு வாங்கிக் கண் முன்னாலேயே கிழித்தோம். "தேதி முடிஞ்ச சீட்டை வூட்ல வெச்சுக்காதீங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் தொண்டை கிழியக் கத்தினவள் நான். என் வீட்டுச் சீட்டு ஒன்று இருப்பது எனக்கு நினைவுக்கே வரவில்லை. அத்தனை பத்திரமாக வைத்தது பழசாகும் என்று தோன்றவே இல்லை.

தெருவில் கோஷம் போட்டுக்கொண்டு போனோம். 'போதை வேண்டாம்' என்று கத்தும்போதெல்லாம் எதிர்வீட்டு ரேணுகா என்னைப் பார்த்துச் சிரித்துவிடுவாள். அவள்தான் எனக்கு வலது கை. அவளுடைய தம்பி ஆனந்தன் அவளோடுதான் இருக்கிறான், வாலிபால் ஆடுவான், தங்கமான பையன்.

கடைசியாக மருந்துக் கடை பாக்கி இருந்தது. எங்கள் கூட்ரோட்டில் இருப்பது ஒன்றே ஒன்று, கிருபாகரன் அண்ணனுடையது. ஞாயிற்றுக்கிழமை சுஷ்மிதாவை வைத்து ஊர்க் கூட்டம் போடுவதாக இருந்தோம். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை ஆறு பேர் கடைக்குப் போய் நின்றோம். நான்தான் முன்னால்.

"இன்னா அண்ணாத்த, வரவனுக்கெல்லாம் வலி மாத்திர அள்ளி அள்ளிக் குடுக்கறியாமே?"

"யாரு சொன்னது? சீட்டு இல்லாம ஒண்ணு குடுத்திருந்தாலும் இப்பவே கடைய சாத்திட்டுப் போறேன். ஒவ்வொரு தபாவும் ஜெராக்ஸ் எடுத்து வெச்சுகினுதான் குடுக்கறேன்."

"எடு, பாக்கலாம்."

"சொம்மா ரோதன பண்ணாத வேண்டா."

"மடியில கனமில்லன்னா காட்டறதுக்கின்னா?"

அவருக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. உள்ளே போய் ஒரு ஃபைலைக் கொண்டுவந்து கண்ணாடி மேஜை மேல் பொத்தென்று போட்டார். நான் புரட்ட ஆரம்பித்தேன். முதல் தாளில் தேதி இருக்க வேண்டிய இடம் கறையாக இருந்தது. இரண்டாவதிலும் அதே கறை. மூன்றாவது தாளில் வலது ஓரத்தில் ஒரு குமிழைப் பார்த்தேன்.

என் கை நின்றுவிட்டது. அதற்கு மேல் பெயரைப் படிக்கத் தேவையே இல்லை. ஆனால் பக்கத்தில் நின்ற ரேணுகா சத்தமாகவே படித்துவிட்டாள். "திருவேங்கடம். வயசு நாப்பத்தி நாலு." அடுத்த தாளைத் திருப்பினாள். "திருவேங்கடம். நாப்பத்தி நாலு." ஃபைல் முழுக்க ஒரே சீட்டு. வாங்கிப் போனவனின் பெயரைக் கிருபாகரன் அண்ணன் பின்பக்கம் பென்சிலில் குறித்து வைத்திருந்தார். என் வீட்டுக்காரரைச் சேர்த்துப் பதினோரு பேர், பாதிக்கு மேல் வண்டி ஓட்டுகிற பிள்ளைகள். அதில் ஏழு தாள்களின் பின்பக்கத்தில் ஆனந்தன் என்று இருந்தது. ரேணுகாவின் சிரிக்கிற முகம் சிறுத்துப் போனது.

"நம்ம பசங்கதான், இடுப்பு வலின்னு கேக்கறானுங்க, குடு அண்ணாத்தன்னு திருவேங்கடம்தான் சொன்னான்" என்றார் கிருபாகரன் அண்ணன். குரல் இறங்கிவிட்டது. "தேதியும் தெரியல, எத்தினி நாளுன்னும் தெரியல. கேட்டிருக்கணும். லேமினேஷன்லாம் போட்டு வெச்சிருக்கவும், பெரிய வியாதி போல, ஆயுசுக்கும் சாப்புடச் சொல்லிருக்காங்கன்னு நெனச்சுட்டேன். தப்புதான். இனிமே ஒருத்தனுக்கும் கிடையாது."

நான் குனிந்தபடி ஃபைலை மூடி அவர் பக்கம் தள்ளினேன். இருபது வருஷத்தில் தெருப் பெண்கள் என்னை அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். ரேணுகாதான் என் முழங்கையைத் தொட்டு, "வாக்கா, வூட்டுக்குப் போலாம்" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டுக்குப் போனபோது அவர் லாரிக்குப் பின்னால் நின்று ஹோஸைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"சீட்டு எங்கயா?"

"எந்தச் சீட்டு?"

"உன் ஆயுசுக்கும் கிழியாதுன்னு குடுத்தேனே, அந்தச் சீட்டு."

சுற்றுகிற கை நின்றது. "ஆனந்தன்கிட்ட கீது. முட்டி வலின்னான்."

"பதினோரு பேருக்குமா முட்டி வலி?"

அவர் லாரியின் படியில் உட்கார்ந்தார். கொஞ்சம் தள்ளி எனக்கும் இடம் விட்டார். "குந்து வேண்டா" என்றார்.

"முதுகு வலி போயி ஒரு வருசத்துக்கு மேல ஆவுது. மொதல்ல வலிச்சுடுமோன்னு பயந்து போட்டேன். அப்பால வுட முடில. போடலன்னா உடம்பு பூரா எறும்பு ஊறுது. கால எங்க வெச்சாலும் ஆவல. உங்க அக்கா வூட்டு காதுகுத்துக்கு மூணு நாள் போயிருந்தியே, அப்ப வுட்டுப் பாத்தேன். ரெண்டாம் நாளே செத்துடுவேன்னு நெனச்சேன்."

"எனக்கு ஒரு போன் பண்ணக்கூடாதா?"

"பண்ணேனே. ஜுரம்னு சொன்னேன். நீ ஓடியாந்து மொளகு ரசம் வெச்ச. அத்தக் குடிச்சுட்டுப் பின்னால போயி ரெண்டு மாத்திர போட்டேன். அரை மணில சரியாயிட்டேன். ரசம்தான் கேட்டுதுன்னு நீ நெனச்சுகினே."

கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதுவும் மாத்திரை மேல் இல்லை. எப்பேர்ப்பட்ட ஜுரமும் வேண்டா ரசத்துக்கு நிற்காது என்று தெருவில் எனக்கு ஒரு பேர் உண்டு. ஜுரம் கண்ட வீட்டிலிருந்து சொம்போடு வருவார்கள். அந்தப் பேருக்கு முதல் சாட்சி இந்த மனுஷன். "ரெண்டு வருசமா என்ன முட்டாளாக்கிகினு இருந்தியாயா?" என்று அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தேன். அடித்த பிறகுதான் தோள் எவ்வளவு இளைத்துப் போயிருக்கிறது என்று கைக்குத் தெரிந்தது. அப்புறம் அழுதேன்.

கொட்டாவியைப் பார்த்துத் தூக்கம் போதவில்லை என்று நினைத்தேன். மூக்கு ஒழுகினால் லாரித் தண்ணீரில் நனைந்த சளி என்று நினைத்தேன். சார்ட்டில் ஒவ்வொன்றாக நானே எழுதினேன், எழுதும்போதுகூடப் பக்கத்தில் அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

"எத்தினி போடற?"

"மூணு." என் முகத்தைப் பார்த்தார். "அஞ்சு."

"கையில எத்தினி கீது?"

"எட்டு."

கிருபாகரன் அண்ணன் இனிமேல் தர மாட்டார். கணக்குப் போட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றும் மிஞ்சாது. எழுந்து போய்ச் சுஷ்மிதாவுக்குப் போன் செய்தேன். தெரிந்த ஒருவருக்காக என்று சொன்னேன். யார் என்று அவர் கேட்கவில்லை.

"திங்கக்கிழமை காலையில கூட்டிட்டு வாங்கக்கா. டாக்டர் பார்த்து மருந்து குடுத்து, கொஞ்சம் கொஞ்சமா நிறுத்துவாங்க. நீங்களா நிறுத்தாதீங்க. இடையில ரொம்ப முடியலன்னா உடனே எமர்ஜென்சிக்கு வந்துடுங்க. வண்டி மட்டும் ஓட்ட விடாதீங்க."

அவரிடம் வந்து சொன்னேன். முடியவே முடியாது என்று தலையை ஆட்டினார். "அந்த வார்டுக்குப் போனேன்னு தெரிஞ்சா ஓனரு சாவியப் புடுங்கிடுவாரு. ஊரு என்னக் குடிகாரனோட சேத்துடும். உனக்கோசரம் நானே கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கறேன். ஞாயித்துக்கெழம கூட்டத்துல மட்டும் என் பேரு வரக்கூடாது. வேற இன்னா சொன்னாலும் கேக்கறேன்."

"ரெண்டு நாள் வண்டி எடுக்காத."

"சரி, எடுக்கல. நீ வாக்கு குடு."

கொடுத்துவிட்டேன். அவர் கெஞ்சி நான் பார்த்ததில்லை. பெண் கேட்டு வந்தபோதுகூட அதட்டித்தான் கேட்டார்.

சனிக்கிழமை ரேணுகா என் வீட்டுக்கு வந்தாள். கையில் அந்தச் சீட்டு. தம்பியின் பர்சிலிருந்து எடுத்திருக்கிறாள்.

"இந்த அவஸ்த எனக்கு மட்டும்தான்னு நெனச்சுகினு கீறான்கா. முட்டி சரியானா வுட்டுடுவேன்றான். முட்டில ஒண்ணியும் கிடையாது. கூட்டத்துல யாராவது ஒருத்தர் எனக்கும் அப்படித்தான்னு வாயத் தொறந்து சொன்னா, இவனும் வருவான்கா." அவ்வளவுதான் சொன்னாள். என் வீட்டுக்காரரைப் பேசச் சொல்லு என்று கேட்கவில்லை. அவள் போன பிறகு அந்தச் சீட்டைக் கையில் எடுத்தேன். கிழிக்கப் பார்த்தேன். பல்லால்கூட இழுத்துப் பார்த்தேன். நல்ல கனமான லேமினேஷன், நானே சொல்லி வாங்கியது.

ஞாயிறு சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். பெண்கள் முன்னால் பாயில், ஆண்கள் பின்னால் பைக் மேல். சுஷ்மிதா வந்திருந்தார். கிருபாகரன் அண்ணன்கூடக் கடையைச் சாத்திவிட்டு வந்து ஓரமாக நின்றார். என் வீட்டுக்காரரை வீட்டில் போர்வைக்குள் விட்டுவிட்டு வந்திருந்தேன். காலையிலேயே மாத்திரை தீர்ந்துவிட்டது. கொட்டாவி மேல் கொட்டாவி, கண்ணில் தண்ணீர். கிளம்பும்போது, "ரசம் வெச்சுத் தரட்டுமாயா?" என்று கேட்டேன். அந்த நிலையிலும் சிரித்தார். எனக்கு அவர் மேல் கொள்ளைப் பிரியம், அதை எந்த வயதிலும் மறைத்ததில்லை.

சுஷ்மிதா பேசினார். எல்லோரும் தலையாட்டினார்கள். யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பைக் மேல் இருந்தவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆனந்தன் உள்பட. அந்தப் பதினோரு பெயரும் எனக்கு மனப்பாடம், ஆறு பேர் கண் முன்னாலேயே இருந்தார்கள். இப்படியே எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று தெரிந்தது.

எழுந்தேன். இடுப்பில் செருகியிருந்த சீட்டை எடுத்துத் தூக்கிக் காட்டினேன். பெயர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டேன்.

"வூடு வூடா வந்து பழைய சீட்டக் கிழிங்கன்னு கத்துனேன். இது ரெண்டு வருசத்துப் பழசு. இத வெச்சுகினு நம்ம ஊருப் பசங்க பதினோரு பேரு மாத்திர வாங்கிக்கீறாங்க. யாரு பேரு போட்டுக்கீதுன்னு கேக்காதீங்க, நான் வாக்கு குடுத்திருக்கேன். ஆனா இந்த லேமினேஷன் போட்டது நான். அத்த மட்டும் சொல்லிடறேன். கிழிஞ்சு போவ வேண்டியதக் கிழியாம பண்ணது நான்தான்."

முன் வரிசையில் ஒருத்தி குபுக்கென்று சிரித்துவிட்டாள். லேமினேஷன் என்றால் எந்த வீடு என்று ஊருக்கே தெரியாதா என்ன. எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று அரை நிமிஷத்தில் அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். முகம் எரிய, விரலை மட்டும் எடுக்காமல் நின்றேன்.

அப்போது மைதானத்து வாசல் பக்கத்திலிருந்து அவர் குரல் கேட்டது. "வெரல எடு வேண்டா. பேரு தெரியட்டும்."

போர்வையோடு வந்திருந்தார். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ தெரியாது. பைக்குகளுக்கு நடுவே மெதுவாக நடந்து வந்து, நான் எழுதி மாட்டியிருந்த சார்ட்டுக்குப் பக்கத்தில் நின்றார். ஒரு பெரிய கொட்டாவி வந்தது. கண்ணும் மூக்கும் ஒழுகின. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"எனக்குப் பேச வராது. இவ எழுதி மாட்டிக்கீறா பாருங்க, அத்தப் படிங்க. படிச்சுட்டு என்னப் பாருங்க. எல்லாம் கீதான்னு சரிபாத்துக்குங்க" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. பைக் மேல் இருந்த பையன்கள் போனை உள்ளே வைத்துவிட்டார்கள்.

"என் சீட்ட வெச்சு வாங்குன பசங்க இங்க கீறாங்க. பேரு சொல்ல மாட்டேன். பாசமாத்தான் குடுத்தேன் நைனா, வெசத்தக் குடுக்கறோம்னு தெர்ல. நாளைக்குக் காலைல மொத பஸ்ல செங்கல்பட்டு போறேன். தனியாப் போவ எனக்கு பயமாக்கீது. கூட வந்தீங்கன்னா கொஞ்சம் தெம்பாருக்கும்."

இத்தனை வருஷத்தில் பயமாக இருக்கிறது என்று அவர் வாயால் நான் கேட்டதில்லை. விரலை எடுத்துவிட்டு, என் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன். ஊரே பார்த்தது, பார்க்கட்டும் என்று இருந்தேன். பின்னாலிருந்து ஆனந்தன் பைக்கை விட்டு இறங்கி வந்தான். நேராக அக்காவிடம் போய்த் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தான். ரேணுகா திட்டவில்லை, அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அன்று ராத்திரி முழுக்க அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லாரி ஓனருக்கு விஷயம் அதற்குள் போய்விட்டது, போன் செய்தார். சத்தம் போடுவார் என்று பார்த்தால், டாக்டர் சரி என்று எழுதிக் கொடுக்கும் வரைக்கும் சாவி கிடையாது, அதுவரை கிணற்றடியில் மோட்டார் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லி வைத்துவிட்டார். வருமானம் பாதியாகும்தான். வண்டியோடு எங்கேயாவது போய் மோதாமல் இருந்தாரே என்று நான் மோட்டாரைக் கும்பிட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை பஸ் நிறுத்தத்துக்கு ஐந்து பேர் வந்தார்கள், அவரோடு சேர்த்து. மீதி ஆறு பேரில் ஒருவன் எங்கள் வீட்டு வாசலில் நின்று, ஊரில் தன் மானம் போய்விட்டது என்று கண்டபடி திட்டிவிட்டுப் போனான். இரண்டு பேர் அடுத்த வாரம் வந்தார்கள். மற்றவர்களை ரேணுகா இன்னும் விரட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் விட மாட்டாள்.

ஆஸ்பத்திரியில் சுஷ்மிதா வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும், "தெரிஞ்ச ஒருத்தர்னு சொன்னீங்களே, இவர்தான்னு நேத்துதான் புரிஞ்சுதுக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் நிதானமாகப் பார்த்தார். திட்டுவார் என்று பயந்துகொண்டு போனவர், வெளியே வரும்போது, "அந்தம்மா என்ன உக்காருங்கன்னு சொன்னாங்க வேண்டா" என்று சின்னப் பிள்ளை மாதிரி சொன்னார். பழைய சீட்டைச் சுஷ்மிதா வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த ஊர்க் கூட்டங்களில் காட்ட வேண்டுமாம். என் மானம் ஊர் ஊராகப் போகப் போகிறது.

புதுச் சீட்டு ஏழு நாளைக்கு. அடுத்த வாரம் வந்தால் அளவைப் பார்த்து வேறு சீட்டு எழுதுவார்கள், அதற்கு அடுத்த வாரம் வேறு. மாத்திரையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். அவருக்கு வியர்வை கொஞ்சம் அடங்கியிருந்தது. ஆனந்தனும் மற்றவர்களும் டீ குடிக்கப் போனார்கள். நாங்கள் நின்ற இடத்துக்கு எதிரிலேயே ஒரு ஜெராக்ஸ் கடை, வாசலில் 'லேமினேஷன்' என்று ஆள் உயரத்துக்குப் போர்டு. அவர் போர்டைப் பார்த்தார். என் கையில் இருந்த சீட்டைப் பார்த்தார். வாயோரத்தில் சிரிப்பு.

நான் சீட்டை நான்காக மடித்தேன். அப்புறம் எட்டாக மடித்து, வியர்வையில் நனைந்து கிடந்த ரவிக்கைக்குள் திணித்துக்கொண்டேன்.

"நனஞ்சு பூடுமே வேண்டா. கிழிஞ்சிடும்."

"கிழியட்டும்யா" என்றேன். "அதுக்குள்ள ஏழு நாள் ஆயிடும்."